ஃபைவ் ஸ்டார் ஹோட்டலில் செட் மெனு: டேபிள் புக் செய்யும் முன்

சென்னையின் பெரிய ஹோட்டல்களில் மதிய செட் மெனு (ஒரே விலைக்குச் சில கோர்ஸ்கள், அதாவது அடுத்தடுத்து வரும் சுற்றுகள் கொண்ட சாப்பாடு) விளம்பரம் கண்ணில் பட்டால், விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2,500++ என்பது பில் தொகை அல்ல; வரியும் சர்வீஸ் சார்ஜும் தனி. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் உள்ள உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். தனியாக இருக்கும் உணவகத்தில் 5தான். ஆக, அந்த ஹோட்டலில் 2,500 ரூபாய் வரியோடு 2,950 ஆகிவிடும். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் போட்டால் அந்த 250க்கும் வரி சேர்ந்து 3,245. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் கொடுத்தது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கவனிப்பு பிடித்திருந்தால் பரிமாறியவர் கையில் நேரடியாகக் கொடுங்கள்.

உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்பார்கள்; அதாவது சாதாரணத் தண்ணீரா, சோடாபோல வாயு கலந்ததா என்று. இரண்டும் பாட்டில், இரண்டுக்கும் தனிக் காசு. "ரெகுலர் வாட்டர் போதும்" என்று சொல்லலாம். லாப்ஸ்டர் போன்றவற்றுக்கு எதிரே சின்ன எழுத்தில் கூடுதல் தொகை போட்டிருப்பார்கள், அதையும் படித்துவிடுங்கள். காபி அடக்கமா, கார்டு தள்ளுபடி செட் மெனுவுக்கும் உண்டா என்பதை போனிலேயே கேட்டுவிடலாம்.

அலர்ஜி இருந்தால் முந்தைய நாளே சொல்ல வேண்டும். சாஸும் ஸ்டாக்கும் (எலும்பையோ காய்கறியையோ வேகவைத்து வடித்த சாறு) முன்கூட்டியே தயாராகிவிடும். அதில் கலந்த முந்திரியை டேபிளில் உட்கார்ந்த பிறகு பிரிக்க முடியாது. சைவம் சாப்பிடுபவர்கள் ஐரோப்பிய மெனுவில் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி சூப்பும், ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவும் சிக்கன் ஸ்டாக்கில் செய்ததாக இருக்கலாம். அசல் பார்மிஜானோ சீஸில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட் உண்டு. பன்னா கோட்டா என்ற க்ரீம் இனிப்பு, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில்தான் வழக்கமாக உறையும். "இது வெஜ்ஜா?" என்று மட்டும் கேட்டால் போதாது; இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கூட்டமான நாளில் மெதுவாக வெந்த இறைச்சிக்குத்தான் என் ஓட்டு. குறைந்த தீயில் மணிக்கணக்கில் வெந்த லாம்ப் ஷாங்க் (ஆட்டின் கால் கறி), பரிமாறப் பத்து நிமிடம் தாமதமானாலும் கெடாது. மொறுமொறு தோலோடு வறுத்த மீன் அப்படியல்ல. உங்கள் டேபிளின் மற்ற தட்டுகள் தயாராகும்வரை அது சூடு விளக்கின் கீழ் காத்திருக்கும். உள்ளிருந்து வரும் ஆவியில் தோல் நமுத்துவிடும், சதையும் வறண்டுவிடும். ரிசோட்டோவைப் பல சமையலறைகளில் முக்கால் பதம் வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆர்டர் வந்ததும் ஸ்டாக் ஊற்றி முடிப்பார்கள். நன்றாகச் செய்தால் குறையே தெரியாது. சரியாக வந்திருந்தால் தட்டைச் சாய்க்கும்போது அலைபோல மெல்ல நகரும். கட்டியாக ஒரே இடத்தில் நின்றால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

டெசர்ட்டில் சூஃப்லே (முட்டை வெள்ளை அடித்து உப்ப வைக்கும் இனிப்பு) இருந்தால் மெயின் கோர்ஸ் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். ஆர்டர் வந்த பிறகே அடுப்பில் ஏறும், இருபது நிமிடமாவது ஆகும்.

மூன்று கோர்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரமிருந்தால் ஆர்டர் எடுக்கும்போதே நேரத்தைச் சொல்லுங்கள். முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வையுங்கள், அதுதான் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான அடையாளம். ஒருவர் பாதித் தட்டோடு பேசிக்கொண்டிருந்தால் டேபிள் மொத்தத்துக்கும் அடுத்த கோர்ஸ் வராது.