கேமரா வாங்க காசு வருது, அதுக்கப்புறம்?

கிராமத்து சுகாதார நிலையங்கள்ல எடுக்குற விழித்திரை போட்டோ எல்லாம் நெட் வழியா எங்களுக்கு வரும், அதைப் பாத்து ரிப்போர்ட் போடுறதுதான் என் வேலை. பெரும்பாலும் சுகர் பேஷன்ட்ஸ். பார்வை குறையறதுக்கு ரொம்ப முன்னாடியே விழித்திரையில குட்டிக் குட்டியா ரத்தப்புள்ளி, மஞ்சள் படிவுன்னு தெரிய ஆரம்பிச்சிடும், ஆனா ஆளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, எனக்கு நல்லாத்தானே தெரியுதுன்னு சொல்லிட்டு போயிடுவாங்க.

அரசு நிதின்னா மொதல்ல கேமராதான் வரும். அதை இயக்குற ஆளோட சம்பளம், சொட்டு மருந்து, நெட் பில், ரிப்பேர் இதுக்கெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல யாரும் யோசிக்கறதில்ல. நல்லா கை பழகின ஒருத்தர் கான்ட்ராக்ட் முடிஞ்சு போயிட்டா மறுவாரமே எனக்கு தெரிஞ்சிடும், வர்ற படமெல்லாம் பாதி இருட்டு. கண்புரை இருந்தாலோ கண்மணி சின்னதா இருந்தாலோ படம் தெளிவா வராது, சொட்டு மருந்து விட்டு கொஞ்ச நேரம் உக்கார வச்சு திரும்ப எடுக்கணும், அதுக்கு பொறுமையான ஆள் வேணும்.

என்னால தாங்க முடியாதது வேற. உடனே கண் டாக்டரைப் பாக்கணும்னு எழுதி அனுப்பின அதே கண்ணு அடுத்த வருஷம் உள்ள ரத்தம் கசிஞ்ச நிலையில திரும்ப வரும். லேசர் வைக்க வேண்டிய நேரம் போயிருக்கும். அவங்களுக்கு போன் பண்ண ஒரு ஆள் இல்ல, டவுனுக்கு போனா அன்னிக்கு கூலி போச்சு. எத்தனை போட்டோ எடுத்தீங்கன்னு மாசா மாசம் கேக்குறாங்க, எத்தனை பேர் சிகிச்சைக்கு போய் சேந்தாங்கன்னு கேக்குற கட்டமே அந்த ஃபார்ம்ல கிடையாது!

இங்கிலாந்துல 2003ல இந்த பரிசோதனையை அரசு செலவுல ஆரம்பிச்சாங்க, சுகர் இருக்கவங்க பேரை லிஸ்ட் வச்சு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. 2009-10 கணக்கைப் பாத்தா, வேலை செய்யற வயசுல பார்வை போறதுக்கு முதல் காரணமா இருந்த, சுகரால வர்ற இந்த விழித்திரை நோய் அங்கயும் வேல்ஸ்லயும் அந்த இடத்துல இருந்து இறங்கிடுச்சு, அம்பது வருஷத்துல முதல் தடவையா. பரிசோதனை மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, சுகர் கட்டுப்பாடும் சேந்ததுதான், ஆனா விடாம கூப்பிட்டதுக்கு பெரிய பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

2018ல அமெரிக்காவுல டாக்டர் பாக்காமலே இந்த மாதிரி விழித்திரை போட்டோவைப் பாத்து முடிவு சொல்ற ஏஐக்கு அனுமதி கிடைச்சாச்சு. வரட்டும், என் வேலை குறைஞ்சாலும் பரவால்ல, அதுல மிச்சமாகுற காசு பேஷன்ட்டுக்கு போன் பண்ற ஆளுக்கு போகணும்.

புது திட்டத்துக்கு கருத்து கேட்டாங்க, நான் கேமராவே கேக்கல. இருக்குற கேமராவுக்கு நிரந்தரமா ஒரு ஆள், பேஷன்ட் போய் வர வண்டிச் செலவு, ஃபார்ம்ல அந்த ஒரு கட்டம், இது மூணும்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.