பாதி மதிப்பெண்

நியூயார்க்கின் மாஃபியா கும்பல்களில் ஒன்றான காம்பினோ குடும்பத்துக்கு ஜான் காட்டி எப்படித் தலைவரானான் என்பது நான் கேட்டிருந்த கேள்வி. கேப்போ எனப்படும் குழுத் தலைவர்கள் 1986 ஜனவரியில் கூடி, எதிர்ப்பே இல்லாமல் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பத்துக்கு ஐந்து போட்டேன். முந்தைய மாதம் 16ஆம் தேதி, மன்ஹாட்டனில் ஸ்பார்க்ஸ் உணவகத்தின் வாசலில் பழைய தலைவர் பால் காஸ்டெல்லானோவைச் சுட்டுக் கொன்றது பற்றி விடையில் ஒரு வரிகூட இல்லை.

விடைத்தாளோடு வந்தாள். "எப்படித் தலைவரானான்னுதானே கேட்டீங்க மேடம்? இடம் எப்படிக் காலியாச்சுன்னு கேட்கலையே?"

"கை தூக்கின ஒவ்வொருத்தனுக்கும் அந்த வாசல் ஞாபகம் இருந்திருக்கும்மா. அதை விட்டுட்டா பாதி விடைதான்" என்றேன். அது சரியான பதில் என்றே இப்போதும் நினைக்கிறேன். கொன்றது யார் என்று தெரியாது, விசாரிக்கிறோம் என்று கேப்போக்களிடம் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி ஒருவனும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான்.

"சரி மேடம், காஸ்டெல்லானோ மட்டும் எப்படி வந்தார்?"

இதற்குத்தான் நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. 1976இல் சாகும் முன் அப்போதைய தலைவர் கார்லோ காம்பினோ தன் மனைவியின் தம்பி காஸ்டெல்லானோவுக்குப் பதவியைக் கொடுத்துவிட்டுப் போனார். முறைப்படி அடுத்த இடத்தில் இருந்தவர் துணைத் தலைவர் டெல்லக்ரோசே. அவர் அதை ஏற்றுக்கொண்டதால் ரத்தம் சிந்தவில்லை. 1985 டிசம்பர் 2இல் அவர் புற்றுநோயில் இறந்தார். காஸ்டெல்லானோ துக்கத்துக்குக்கூடப் போகவில்லை. துணைத் தலைவர் பதவியைத் தன் மெய்க்காப்பாளர் பிலோட்டிக்குக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அந்த வாசலில் இருவரும் சேர்ந்தே செத்தார்கள். அப்படியானால் ஒன்பது வருடம் அந்தக் குடும்பத்தைக் கட்டிப்போட்டிருந்தது தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதிமுறையா, டெல்லக்ரோசே என்ற ஒரு மனிதரின் பொறுமையா? வகுப்பில் நான் விதிமுறையைத்தான் விளக்கியிருந்தேன்.

பாடம் நடத்த விதிமுறை வேண்டும். சிசிலியில் ஒரு மாஃபியா குடும்பத்தின் தலைவரை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்று, மாஃபியாவிலிருந்து விலகி வாக்குமூலம் கொடுத்த புஷெட்டா 1984இல் நீதிபதி ஃபால்கோனேயிடம் சொன்னார். அது தெரியாமல் அந்த அமைப்பைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் அவர் அதைச் சொன்ன நேரத்தில் கொர்லியோனே ஊரைச் சேர்ந்த மாஃபியா அணியினர் போண்டாட்டே, இன்செரில்லோ போன்ற தலைவர்களைக் கொன்றுவிட்டுத் தங்களுக்கு வேண்டியவர்களை உட்கார வைத்து முடித்திருந்தார்கள்.

மதிப்பெண்ணை மாற்றவில்லை. அவள் சிசிலியின் தலைநகரான பாலெர்மோவின் மாஃபியாவை எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றுதான் யோசிக்கிறேன். 2017 நவம்பரில் கொர்லியோனே அணியின் தலைவர் டோட்டோ ரீனா இறந்தபோது யாரும் சுடவில்லை; காவலில் இருந்த கைதி, நோயில் செத்தார். அடுத்த மே மாதம் வட்டாரத் தலைவர்கள் கூடி, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த நகைக்கடைக்காரர் செட்டிமோ மினேயோவைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறது இத்தாலியப் போலீஸ். டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள். இங்கே இடம் காலியான கதையை எழுதாவிட்டால் எதற்கு மதிப்பெண் குறைப்பேன்? அந்த இடத்தை ரீனா முதலில் எப்படிப் பிடித்தான் என்று எழுது என்பேன். அப்படியே பின்னால் போனால் எந்த விடைக்கும் முழு மதிப்பெண் போட முடியாது. போடக் கூடாது என்றுதான் சில நாள் தோன்றுகிறது.