சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

அம்மாவின் காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் கட்டி. தென்காசியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வழியாகப் போகும் முக நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, வாய் கோணவில்லை, அதுவே பெரிய நிம்மதி. கூத்தெல்லாம் தையல் பிரிக்கப் போன அன்று கொடுத்த சம்மரியில்தான், அதாவது சிகிச்சைச் சுருக்கத்தில். அதில் 'கார்சினோமா எக்ஸ் பிளியோமார்ஃபிக் அடினோமா' என்று இருந்தது.

கவுன்டரில் கேட்டேன். "ஓமான்னு முடிஞ்சாலே கேன்சர்தான் சார்" என்றார் அந்த மனிதர், தலையை நிமிர்த்தாமலே. அவர் கணக்குப்படி பார்த்தால் என் முதுகில் பத்து வருஷமாக இருக்கும் கொழுப்புக்கட்டி லிப்போமாவும் கேன்சர், அடிபட்டு ரத்தம் கட்டிய ஹெமடோமாவும் கேன்சர். ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாதே.

மறுநாள் விடியுமுன் செங்கோட்டையில் பஸ் ஏறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டி அம்மாவைத் திருவனந்தபுரம் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்லைடும் பிளாக்கும் எவிடெ?" சம்மரியை வைத்து யாரும் கருத்து சொல்ல மாட்டார்களாம். ஒரு நாள் வீண். பயாப்ஸி, அதாவது திசுச் சோதனை, செய்துகொண்டால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே கேட்டு வாங்குங்கள்: ரிப்போர்ட், கண்ணாடி ஸ்லைடு, மெழுகில் பதித்த திசுத்துண்டான பிளாக், மூன்றும். டாக்டர் கடிதம் இல்லாமல் பிளாக் தர மாட்டோம் என்றார்கள் லேபில். எனக்கு அதற்கே இரண்டு நாள் ஓடியது.

லேபின் ஒரிஜினல் ரிப்போர்ட் கையில் வந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் படித்தேன். 'பிளியோமார்ஃபிக் அடினோமா. கார்சினோமா எக்ஸ் பிளியோமார்ஃபிக் அடினோமா காணப்படவில்லை.' டைப் அடித்தவர் முதல் வரியையும் 'இல்லை'யையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார்! அடினோமா என்றால் சுரப்பித் திசுவில் வரும் சாதுவான கட்டி. அதே கட்டிக்குள் புற்றுநோய் முளைத்தால்தான் அந்த நீளப் பெயர்.

இரண்டாம் பயணத்தில் டாக்டர் ஸ்லைடைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு, ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்த, கட்டியின் வகையைக் குறிக்கும் எண்ணைக் காட்டினார்: 8940/0. சாய்கோட்டுக்குப் பிறகு 0 என்றால் சாது, 1 என்றால் நிச்சயமில்லை, 2 என்றால் தோன்றிய இடத்தை விட்டு நகராத புற்று, 3 என்றால் பரவக்கூடியது. சம்மரியில் இருந்த பெயருக்கு 8941/3. எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த எண் இருக்காது. இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பெயரை நம்பவே கூடாது, லிம்போமாவும் மெலனோமாவும் கேட்கச் சாதுவாக இருக்கும், இரண்டும் புற்றுதான்.

ஸ்லைடு முடிவும் அதே பூஜ்யம். திரும்ப வளரக்கூடியது என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார்கள். சம்மரியை மட்டும் இன்னும் திருத்தித் தரவில்லை. திங்கட்கிழமை மறுபடி அந்தக் கவுன்டர்.