எதற்கெடுத்தாலும் ஜெயில் கேட்பதற்கு முன்

டெல்டாவில் எந்த விவசாயிகள் கூட்டத்திலும் ஒரு தீர்மானமாவது "கிரிமினல் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடியும். போலி விதை, உரக் கலப்படம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குவது எல்லாம் அதில் வரும். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு செயலைக் குற்றம் என்று எழுதிவிட்டால், ஒரு மனிதரைப் பிடித்து அடைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறோம். அதனால் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பாதிப்பு இரண்டு பேருக்குள் முடிகிறதா, ஊருக்கே வருகிறதா? நடைமுறையில் இந்தப் பிரிவு யார் கையில் போய்ச் சேரும்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மணல் கொள்ளையை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடத்தில் படுகை தாழ்ந்தால், வாய்க்காலின் தலைமதகு மேலே நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலுக்கு ஏறாது. கரையோர போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கும், கடலோரப் பக்கம் உப்பு ஏறும், பாலத்தூணின் அடிப்பகுதி வெளியே தெரியும். இந்த நஷ்டத்துக்கு எந்த விவசாயி தனியாக சிவில் வழக்குப் போட முடியும்? லாபம் பெரிது என்பதால் அபராதமும் லாரி வாடகை மாதிரி ஒரு செலவுக் கணக்காகிவிடும். எனவே இது குற்றமாக இருப்பது சரி. 1957ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கோளாறு 22ஆம் பிரிவில் வருகிறது. அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கை எடுக்கும். வெறும் எஃப்.ஐ.ஆரை நம்பி நடக்கிற வழக்கு அங்கேயே விழுந்துவிடும். அரசு ஆற்றிலிருந்து மணல் எடுப்பது திருட்டும்தான், அதைப் போலீஸ் தனியாக விசாரிக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி கொஞ்சம் திறந்தது. ஆனாலும் சுலபமாக மாட்டுவது மாட்டுவண்டிதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2)ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டில் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை என்கிறது. ஒரு வண்டி மணலுக்கு அதுவே தாராளம். பொக்லைன் வைத்து அள்ளுபவருக்குத்தான் 21ஆம் பிரிவு தேவை. 2006இல் மணல் குற்றவாளிகளையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். ஒழுங்காகப் புகார் எழுதி ஆதாரம் சேர்க்கும் வேலையைச் செய்யாமல் இதைக் கையில் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செக் கேஸ் இதற்கு நேர் எதிர். கடனைத் திருப்பித் தராதது அடிப்படையில் இரண்டு பேருக்கு நடுவிலான விஷயம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் குற்றம் என்னும் 138ஆம் பிரிவு 1988இல்தான் சேர்க்கப்பட்டது. 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. வியாபாரத்தில் செக்குக்கு மதிப்பு வேண்டும் என்பது நோக்கம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே அது எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். நடவுச் செலவுக்குக் கடன் வாங்கும்போது, புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. கூடவே இரண்டு செக், பேர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை, கையெழுத்து மட்டும். வட்டி ரொக்கமாகப் போகும், ரசீது கிடையாது. தகராறு வந்த அன்றைக்கு, 50,000 வாங்கியவர் பேரில் 3 லட்சம் எழுதி செக் வங்கிக்குப் போகும். மனமொப்பிக் கொடுத்த வெற்றுச் செக்கை அடுத்தவர் நிரப்பினாலும் 139ஆம் பிரிவின் அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, கடன் இல்லை என்று காட்டும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில்.

செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். இந்த 15 நாளில்தான் பலரும் தோற்கிறார்கள். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். சரியான முகவரிக்கு வந்திருந்தால் அதை வாங்கியதாகவே கொள்வார்கள். பதில் நோட்டீஸ் அனுப்பாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. எவ்வளவு வாங்கினோம், எப்போது, எதற்காக வெற்றுச் செக் கொடுத்தோம், எவ்வளவு கட்டினோம் என்று முதல் பதிலிலேயே வர வேண்டும். பிறகு கூண்டில் நின்று முதல்முறையாகச் சொன்னால் எடுபடாது.

ஆதாரம் பெரும்பாலும் வங்கியிலேயே இருக்கும். செக்கின் எண்ணைப் பாருங்கள். அதே புத்தகத்தின் முன், பின் செக்குகள் பல வருடம் முன்பே பாஸாகியிருந்தால், அந்த ஸ்டேட்மென்ட் ஒன்றே செக் எப்போது கைமாறியது என்று பேசும். ஜிபேயில் போன வட்டி இருந்தால் அந்தப் பக்கங்களையும் எடுத்து வையுங்கள். பகுதிப் பணம் கட்டிய பிறகும் அதைச் செக்கில் குறிக்காமல் முழுத்தொகைக்குப் போட்டால் 138 பொருந்தாது என்று 2022இல் தீர்ப்பு இருக்கிறது. சந்தேகம் அற நிரூபிக்க வேண்டியதில்லை. எது அதிகம் நம்பக்கூடியது என்ற அளவுக்குக் காட்டினால் போதும்.

கடன் வாங்கிய இதே ஆளைக் காக்க இன்னொரு குற்றவியல் சட்டமும் இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பேர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. 3 ஆண்டு வரை சிறை. ஆக, ஒரே கடனில் இரண்டு பேர் கையிலும் ஜெயில் இருக்கிறது. ஆனால் ஒருவரிடம் கையெழுத்திட்ட காகிதமும் சட்டத்தின் அனுமானமும் உண்டு. மற்றவர் ரசீது இல்லாத வட்டியை நிரூபிக்க வேண்டும். புகார் கொடுத்த மறுவாரமே செக் வங்கிக்குப் போய்விடும். பிரிவை எழுதும்போதே யார் கையில் போகும் என்று கேட்காததன் விளைவு இது.

தற்கொலை முயற்சியில் சட்டம் தாமதமாகவாவது திருந்தியது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் போய்விட்டது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 226ஆம் பிரிவு புதிதாக வந்திருக்கிறது. பொது ஊழியரைக் கடமை செய்ய வைக்கவோ தடுக்கவோ உயிரை மாய்க்க முயன்றால் ஓராண்டு வரை சிறை. கலெக்டர் அலுவலகத்தில் மண்ணெண்ணெய் கேனோடு நிற்கும் விவசாயிக்கு இது அப்படியே பொருந்தும். கேனைப் பிடுங்குவது அவசியம். அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியது மருத்துவரும், மனுவுக்குப் பதிலும்.

138ஐ முழுசாக எடுக்கச் சொல்லவில்லை. உரக்கடை, அரிசி ஆலை, மண்டி என்று வியாபாரச் செக்குக்கு அது தேவை. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மோசடிப் பிரிவு தனியாக இருக்கிறது. தனியார் வட்டிக்கடனுக்கு அடமானமாக வாங்கிய வெற்றுச் செக்கை மட்டும் இந்தப் பிரிவிலிருந்து விலக்கினால் போதும். பணம் வர வேண்டியிருந்தால் புரோநோட்டு வழக்கு 3 ஆண்டுக்குள் போடலாம். அந்த விலக்கு வரும் வரை, வட்டியில் மூழ்குகிறவர் போலீஸ் புகாரோடு நிற்காமல் 2003 சட்டத்தின் 5ஆம் பிரிவில் மனுப் போட்டு, அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்திலேயே கட்டலாம். கடன் தீர்ந்ததாக நீதிமன்றம் பதியும் உத்தரவின் சான்று நகல் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு வரும் செக் நோட்டீஸுக்கு முதல் பதிலே அதுதான்.