பணமே கேட்காத ஏஜென்ட்

அக்கா மகனுக்குத் தாய்லாந்தில் வேலை கிடைத்துவிட்டதாகப் பட்டுக்கோட்டையிலிருந்து போன் வந்தது. டேட்டா என்ட்ரி, மாதம் 80,000 ரூபாய், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். நேர்காணல் வீடியோ காலில் பத்து நிமிடம் நடந்ததாம். அதிலும் பாதி நேரம் தட்டச்சு வேகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"ஒரு பைசா வாங்கவில்லை தம்பி, டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்கள்" என்றாள் அக்கா.

நான் வளைகுடாவுக்குப் போனபோது அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அதனால் காசு கேட்காதவன் யோக்கியன் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. உரிமம் உள்ள ஏஜென்டே சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம். அப்படியிருக்க, இவனுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

நானே அந்த ஆளிடம் பேசினேன். என்ன விசா என்றேன். "முதலில் டூரிஸ்டாகப் போகட்டும் சார், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றார். சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் அந்த நாட்டில் வேலை செய்வது குற்றம்; அதற்கு வேறு விசாவும் வேலை அனுமதிச் சீட்டும் வேண்டும். ஆள் அனுப்பும் உரிம எண்ணைக் கேட்டேன். உடனே ஒரு சான்றிதழின் படம் வந்தது, அசோகச் சின்னத்துடன். உற்றுப் பார்த்தால் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ்! வடை கடைக்கும் அது கிடைக்கும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் கேட்பது வெளியுறவு அமைச்சகம் தரும் உரிமத்தை.

உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கும் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடினேன். அதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது, ஆனால் மும்பையில். அங்கிருந்த எண்ணுக்குப் பேசினால், தமிழ்நாட்டில் தங்களுக்குக் கிளையே இல்லை என்றார்கள்.

மருமகன் இன்னும் அரைமனதாகத்தான் இருந்தான். பழைய செய்திகளைத் தேடிக் காட்டினேன். இதேபோல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அங்கே ஆளைக் கொண்டுவந்து விடுகிறவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும். நான் கேட்ட கூலிக் கேள்விக்கு விடை அதுதான். அவன் செய்தியை இரண்டு முறை படித்தான். "மாமா, என்னிடமும் மே சோட் என்ற ஊர்ப் பெயரைச் சொன்னார்கள்" என்றான். மோய் ஆற்றின் கரையில், மியான்மர் எல்லையை ஒட்டிய ஊர் அது.

வரவில்லை என்றதும் ஏஜென்டின் குரல் மாறியது. டிக்கெட் பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வழக்கு என்றார். எல்லாவற்றையும் படமெடுத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். ரசீது வாங்கவே இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது.

தேர்வானவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டான் மருமகன். ஒரு நிமிடத்தில் அவனை நீக்கிவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் படித்தார்களோ.