வரப்பு ஆமணக்கும் தாய் அந்தின் தேர்வும்

நிலக்கடலை வயலின் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆமணக்கை ஊன்றி வைப்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. கடலை இலையைத் தின்னும், புரொடீனியா என்று உழவர்கள் சொல்லும் புழுவின் தாய் அந்துப்பூச்சி, சுற்றிலும் கடலை தழைத்து நின்றாலும், ஆமணக்கு இலையையே பெரிதும் நாடி முட்டையிடுகிறது. சில நாட்களே நீளும் வாழ்நாளில், இருட்டில், அது இந்தத் தேர்வை எப்படிச் செய்கிறது என்பதைப் பூச்சி மருந்தைக் கையில் எடுக்கும் முன்பே நாம் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொலைவில் வழிகாட்டுவது மணம். செடி காற்றில் விடும் வாசனைக் கலவையை உணர்கொம்புகள் பிரித்தறிகின்றன. இலையில் இறங்கியபின், கால் நுனியிலும் முட்டையிடும் உறுப்பின் முனையிலும் உள்ள நுண்மயிர்களால் அது இலைப்பரப்பைத் தொட்டுச் சுவை பார்க்கிறது, ஒவ்வாவிட்டால் பறந்துவிடுகிறது. ஒத்துவந்தால், நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் வயிற்று நுனியின் பழுப்பு மயிரால் மூடிவிட்டுச் செல்கிறது. ஆமணக்கு இலையைத் திருப்பிப் பார்த்தால், கம்பளித் துணுக்கு ஒட்டியதுபோல அந்தக் குவியல் தெரியும். காயைத் துளைக்கும் வேறொரு புழுவான காய்ப்புழுவின் தாயோ முட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பி இடுவதால், கையால் பொறுக்கி அழிப்பது அங்கே இவ்வளவு எளிதன்று.

செடியும் வாளாவிருப்பதில்லை. புழு கடித்த புகையிலைச் செடி இரவில் மட்டும் சில வாசனைகளை வெளியிட்டு, முட்டையிட வரும் அந்துகளை விலக்குகிறது என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தாயின் தேர்வு எப்போதும் பிள்ளைக்கு நன்மையாக முடிவதுமில்லை. ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பரவிய சோளத் தண்டுத் துளைப்பானை அடக்க, கென்யாவில் மக்காச்சோள வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை வளர்க்கிறார்கள். பொழுது சாய்ந்த முதல் மணி நேரத்தில் அந்தப் புல்லின் மணம் பன்மடங்கு பெருக, அந்துகள் மக்காச்சோளத்தைவிட்டு அதில் முட்டையிடுகின்றன. தண்டைத் துளைக்கும் புழுக்களில் பெரும்பாலானவை அதன் பசைச்சாற்றில் சிக்கி மடிகின்றன.

ஆமணக்கு அப்படிப்பட்ட செடியன்று. அதில் புழு கொழுத்து வளரும். மூன்று, நான்கு நாட்களில் பொரிந்த குஞ்சுகள் முதலில் கூட்டமாக ஒரே இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குகின்றன. அந்த இலையை அப்போதே கிள்ளி அழித்துவிட வேண்டும். தாமதித்தால் அவை கலைந்து, செடியைவிட்டு இறங்கிக் கடலைக்குள் புகுந்துவிடும்.