ஹெர்மிஸ் கிடக்கும் கடலும் சீனக்குடா ஓடுபாதையும்

மட்டக்களப்பில் வள்ளம் ஏறி, கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் பார்க்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் கப்பலைப் பற்றித்தான்: எவ்வளவு ஆழம், பீரங்கி தெரியுமா, பாரை மீன் நிற்குமா. ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கியபோது வானத்தில் ஏன் ஒரு பிரிட்டிஷ் விமானம்கூட இல்லை என்று கேட்பவர் குறைவு. ஹெர்மிஸ் ஒரு பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். ஆனால் 1942 ஏப்ரல் 9 காலை அதன் தளம் வெறுமையாக இருந்தது. அதன் சுவோர்ட்பிஷ் விமானங்கள் ஏற்கெனவே திருகோணமலைக்கு அருகிலுள்ள சீனக்குடா விமானத்தளத்தில் இறக்கப்பட்டிருந்தன. ஆகவே இந்தப் பயணத்தைச் சீனக்குடா வரை நீட்டினால்தான் கதை பிடிபடும்.

சீனக்குடாவில் அன்று இருந்தது பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரன். அதன் தளபதி அல்பர்ட் ஜெரால்ட் லூயிஸ், தென்னாபிரிக்காவின் கிம்பர்லியில் 1918 ஏப்ரல் 10இல் பிறந்தவர். மறுநாள் அவருக்கு 24 வயது. 1940 மே மாதம் பிரான்சில் ஒரே நாளில் ஐந்து ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர். செப்டெம்பர் 27இல் இங்கிலாந்தின் மேலே ஆறு. அடுத்த நாளே அவரது ஹரிக்கேன் போர் விமானம் தீப்பற்றியது. பரசூட்டில் குதித்துத் தப்பினாலும் கடுமையான தீக்காயம். சில மாதங்களில் மீண்டும் பறந்தார். சிறப்புமிகு பறத்தல் சிலுவை விருது அவருக்கு இருமுறை கிடைத்தது.

இவ்வளவு அனுபவமும் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அந்தக் காலையில் உதவவில்லை. காரணம் வீரக்குறைவு அல்ல, உயரக்குறைவு. தரையை விட்டுக் கிளம்பும் ஹரிக்கேனுக்கு வேகமும் இல்லை, கீழே பாய்ந்து வேகம் பிடிக்க உயரமும் இல்லை. சக்கரம் மடங்கி முடியும்வரை அது நேராக ஏறும் இலக்கு. ஏறும்போதே ஜப்பானின் சீரோ போர் விமானங்கள் லூயிஸைச் சுட்டன. காயத்தோடு தாழ்வாகவே குதித்தார், உயிர் பிழைத்தார். மேலே போய்ச் சேர்ந்தவர்களுக்கு வேறு சிக்கல். ஜெர்மன் மெசர்ஸ்மிட்டை ஹரிக்கேன் திருப்பத்தில் வெல்லும். சீரோவோடு அதே வித்தையைக் காட்டினால் இரண்டு சுற்றில் அது பின்னால் நிற்கும். எட்டு ஹரிக்கேன்கள் போயின.

ஹெர்மிஸ் முந்திய இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்துவிட்டது. ஜப்பானிய உளவு விமானம் ஒன்று அதைக் கண்டுகொண்டது. கப்பல் திருகோணமலைக்குத் திரும்பும் வழியில், காலை பத்தரை தாண்டி, ஜப்பானின் ‘வால்’ (Val) ரகக் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன. சுமார் இருபது நிமிடத்தில் கப்பல் முடிந்தது. கப்பல் தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேனுக்கு அது இருபது நிமிடப் பறப்புத்தான். அனுப்பும் நிலையில் அங்கே எதுவும் இல்லை. இரத்மலானையிலிருந்து வந்த பல்மர் போர் விமானங்களும் பிந்திவிட்டன.

இனிக் கடல். மார்ச் முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். காலையிலேயே இறங்கி ஏறிவிடுவது நல்லது, பின்னேரத்தில் காற்று கடலைக் கிளப்பும். ஹெர்மிஸ் 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம். 50 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு வாங்குபவர் அங்கே 120 லீற்றர் வாங்குவார். 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் 2400 லீற்றர். அதாவது இருபதே நிமிடத்தில் காலி, ஏறும்போது நின்று நின்று வரவும் காற்று மிஞ்சாது. இரட்டைச் சிலிண்டரும், தரிப்புகளுக்குத் தனிச் சிலிண்டரும் இல்லாமல் கூட்டிப்போகச் சம்மதிக்கும் வள்ளத்தில் ஏறாதீர்கள். 32 சதவீத நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டிய காற்று) இன்னும் ஆபத்து: 33 மீட்டருக்குக் கீழே ஒட்சிசன் நஞ்சாகி வலிப்பு வரலாம்.

ஆழ டைவிங்குக்குப் புதியவர்களுக்கு அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் போதும். பாசிக்குடாப் பக்கத்திலிருந்து போகலாம், சுமார் 25 மீட்டர். உண்மையில் பார்ப்பதற்கும் அதுதான் நிதானமானது. ஹெர்மிஸில் எதையும் தொட வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், அது கல்லறை.

டைவிங் முடிந்த அன்றே பதுளை, நுவரெலியா என்று மலையேறக் கூடாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். உடலில் தங்கிய நைதரசன் அங்கே குமிழியாகலாம். விமானத்துக்குச் சொல்லும் 24 மணி நேர எச்சரிக்கை செங்கலடி–பதுளை வீதிக்கும் பொருந்தும்.

சீனக்குடாப் பாதையில் அந்தச் சிக்கல் இல்லை, முழுக்கக் கரையோரம்: வாழைச்சேனை, ஓட்டமாவடி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா. விமானத்தளம் இப்போது இலங்கை விமானப்படையிடம். உள்ளே விடமாட்டார்கள், வீதியில் நின்று படம் எடுக்கவும் முயல வேண்டாம். அங்கிருந்து திருகோணமலை போய், நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.